என் புல்லட்டை ஸ்ட்ரீட் டிராக்கராக மாற்றிய எட்டு மாதங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு சென்னை வில்லிவாக்கத்திலிருந்து செங்குன்றம் வரை சென்று திரும்பினேன். வீடு வந்ததும் முதல் வேலையாகச் சீட்டைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தில் முந்தைய இரவு பூசி வைத்திருந்த சாக்பீஸ் பொடியை டார்ச் விளக்கில் பார்த்தேன். வழியில் பதினான்கு வேகத்தடைகள். தார் பெயர்ந்த பள்ளங்களுக்குக் கணக்கில்லை. அத்தனைக்குப் பிறகும் அந்த வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல்கூட விழவில்லை. டயர் எங்கும் உரசவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஜூன் மாதம் தொடங்கிய வேலை அன்றுதான் முடிந்தது என்று கொள்கிறேன்.

வண்டி 2014ஆம் ஆண்டு புல்லட் 350. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 41,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில், 78,000 ரூபாய்க்கு வாங்கினேன். 346 சி.சி. என்ஜின், ஐந்து கியர், கார்புரேட்டர் மாடல். ஃபிளாட் டிராக் என்ற அமெரிக்கப் பந்தயத்தில், நீள்வட்ட மண் தடத்தில் வண்டியைச் சறுக்கவிட்டே இடப்பக்கம் திருப்புவார்கள். அந்த வண்டிகளைச் சாலைக்கு ஏற்றவாறு அமைப்பதுதான் ஸ்ட்ரீட் டிராக்கர். 1973, 1974 ஆண்டுகளில் கென்னி ராபர்ட்ஸ் சாம்பியன் ஆன யமஹாவின் படத்தைப் பார்த்ததிலிருந்தே அகலமான ஹேண்டில் பார், தட்டையான குட்டைச் சீட், பக்கவாட்டு எண் தகடு கொண்ட அந்த உருவம் மனத்தில் நின்றுவிட்டது. 2021இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே தன் ஹிமாலயன் மாடலை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளுடன், ஃபிளாட் டிராக் ஓட்டக் கற்றுத்தரும் ஸ்லைடு ஸ்கூல் பயிற்சியைத் தொடங்கியபோது, நம் ஊர் வண்டிக்கும் அந்த உருவம் பொருந்தும் என்ற நம்பிக்கை வலுத்தது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஃபிளாட் டிராக் வண்டிகளில் முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரங்கள் இருக்கும். என் புல்லட்டிலும் இரண்டும் 19 அங்குலம்தான். பிற வண்டிகளை மாற்றுவோர் ரிம், ஸ்போக், ஹப் என்று செலவழிக்கும் முதல் தொகை எனக்கு மிச்சமானது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் எனக்கு நானே சில எல்லைகளை வகுத்துக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் அளித்த மூல விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆகவே ஃபிரேமில் ஓர் இடத்திலும் அறுப்பதில்லை, வெல்டிங் வைப்பதில்லை, என்ஜினைத் தொடுவதில்லை, நிறத்தை மாற்றுவதில்லை, இருவர் அமரும் வண்டி இருவர் அமரும் வண்டியாகவே இருக்கும். வைக்கும் ஒவ்வொரு பாகமும் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு நிற்க வேண்டும், ஒரே நாளில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஃபிளாட் டிராக் பந்தய வண்டிகளில் முன் பிரேக் கிடையாது. அதைப் பின்பற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. கழற்றிய மூலப் பாகங்கள் அனைத்தையும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

டேங்க்கையும் அப்படியே விட்டுவிட்டேன். புல்லட் டேங்க்கில் உள்ள பொன்னிறக் கோடுகள் கையால், தூரிகையால் இழுக்கப்பட்டவை. அருகில் வைத்துப் பார்த்தால், முழங்கால் ரப்பருக்கு மேலே கோடு வளையும் இடத்தில் தூரிகை சற்று அழுத்தப்பட்டு, அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கோடு தடித்திருப்பது தெரியும். அதன்மேல் புதிய பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

தொடங்கும் முன் தெருமுனைப் பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியே ஏற்றி எடை பார்த்தேன். பாதி டேங்க் பெட்ரோலுடன் மொத்தம் 188 கிலோ. கைப்பிடி உயரம், சீட்டின் உயரம், பின் ஷாக்கப்பின் இரு கண்களுக்கு (போல்ட் நுழையும் முனைத் துளைகளுக்கு) இடையிலான நீளம், சங்கிலியின் தளர்வு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்தேன். பின்னாளில் எனக்கு மிகவும் உதவியது அந்த நோட்டுதான்.

முதலில் ஹேண்டில் பாரை வாங்கினேன். அது தவறான தொடக்கம். அமருமிடம் எங்கே வரும் என்று தெரியாமல் கை எங்கே வரும் என்று தீர்மானிக்க முடியாது. ஆனால் டிராக்கரின் முகம் ஹேண்டில் பார்தான் என்ற ஆவலில், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போய், 920 மில்லிமீட்டர் அகலமும் நல்ல பின்வளைவும் கொண்ட ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்மீட்டர் எல்லாம் ஒரே வார்ப்புக் கூட்டில் அமைந்திருக்கும்; ஹேண்டில் பாரும் அதன் மேல்தான் அமர்கிறது. இதைக் கழற்றிவிட்டுத் தட்டையான மேல் பிடி போடுவோர் உண்டு. நான் அந்தக் கூட்டை வைத்துக்கொண்டேன், ஏனெனில் அந்த முகமும் ஒரு பழைமையான முகம்தான், மேலும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்முனைகளைப் பிடித்திருப்பதும் அதுவே. புதிய ஹேண்டில் பாரின் விட்டம் பழையதைப் போலவே 22 மில்லிமீட்டராக இருந்ததால் பொருந்துவதில் சிக்கல் இல்லை. முகப்பை முழுவதும் இடப்பக்கம் திருப்பிய பிறகுதான் பிழை தெரிந்தது: இடக்கை ஸ்விட்ச் பெட்டிக்கும் டேங்க்குக்கும் நடுவே நான்கே மில்லிமீட்டர் இடைவெளி. கையுறை அணிந்த கட்டைவிரல் அங்கே சிக்கினால் கிளட்ச்சைப் பிடிக்க முடியாது. வீட்டு வாசல் கேட்டின் ஒற்றைக் கதவு வழியாக வண்டியை நேராக உள்ளே கொண்டுவரவும் முடியவில்லை.

இரண்டாவதாக வாங்கியது 820 மில்லிமீட்டர் அகலம், 75 மில்லிமீட்டர் உயரம், குறைந்த பின்வளைவு. விலை 1,850 ரூபாய். இதில் முழுத் திருப்பத்தில் 38 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது. ஒரு துடைப்பக் குச்சியை 820 மில்லிமீட்டருக்கு நறுக்கி, பழைய ஹேண்டில் பாரின் மேல் கட்டி, இருபுறமும் திருப்பிப் பார்த்திருந்தாலே முதல் 2,200 ரூபாய் மிஞ்சியிருக்கும். கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள்.

ஹேண்டில் பார் மாறினால் அதனோடு கட்டுண்ட அனைத்தும் மாறும். கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் நேராக வைத்துப் பார்த்தபோது போதுமானதாகத் தோன்றின. என்ஜினை ஐடிலில் விட்டு முகப்பை வலப்பக்கம் முழுவதும் திருப்பியபோது, கை தொடாமலே என்ஜின் வேகம் ஏறியது. கேபிள் இழுபடுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். சாலையில் குறுகலாக யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாய்ந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு கேபிள்களையும் 90 மில்லிமீட்டர் கூடுதலாக அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன். இரண்டுக்குமாக 980 ரூபாய். பிரேக் ஹோஸ் முதலில் நீளமாகிப்போய் ஃபோர்க்குக்கு முன்னால் வளைந்து தொங்கியது. செய்து கொடுத்தவரிடமே திரும்பக் கொண்டுபோய் 60 மில்லிமீட்டர் குறைத்து வாங்கினேன். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையில், இருபுறமும் திருப்பி அளந்திருந்தால் முதல் முறையே சரியாக வந்திருக்கும்.

ஸ்விட்ச் ஒயர்களை 110 மில்லிமீட்டர் நீட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் அதே நிறத்து ஒயரால் நீட்டி, ஈயம் வைத்துச் சூடாக்கிச் சுருக்கும் உறை போட்டேன். எல்லா இணைப்புகளையும் ஒரே இடத்தில் வைத்தால் கட்டு பருத்து ஹெட்லைட் கூட்டுக்குள் நுழையாது என்பதால், ஒவ்வொரு இணைப்பையும் முந்தையதிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். இரண்டு மாலைகள் பிடித்த வேலை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒயரிங்கில் ஒரு குறையும் வரவில்லை.

முகப்பைக் கழற்றியிருந்த நாளிலேயே, ஹேண்டில் பார் திரும்ப உதவும் பேரிங்குகளான கோன் செட்டையும் ஃபோர்க் சீல்களையும் மாற்றிவிட்டோம். அதில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனின் கைதான் முழுவதும். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில் பாரை ஒரு விரலால் தள்ளினால் அது தன் எடையிலேயே கடைசிவரை போய்ச் சேர வேண்டும். அதே சமயம் ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்ற ஓசை வரக் கூடாது. அகலமான ஹேண்டில் பாரில் கையின் நெம்புவிசை கூடுவதால், கோன் செட் சற்று இறுகியிருந்தாலும் கைக்குத் தெரியாது, வண்டி மட்டும் நேராகப் போக மறுக்கும்.

அடுத்தது சீட். டிராக்கர் வாலுடன் கூடிய ஃபைபர் சீட் 5,800 ரூபாய்க்குக் கிடைத்தது. புல்லட்டுக்கு நேராகப் பொருந்தும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பெட்டியைத் திறந்தபோது முன் கொக்கி 22 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருந்தது, பின் துளைகள் எதனோடும் பொருந்தவில்லை. 5 மில்லிமீட்டர் பட்டை இரும்பில் இரண்டு தாங்கிகளை லேத்தில் செய்துவாங்கி, பழைய மட்கார்டு நின்ற துளைகளிலேயே அவற்றைப் பூட்டினேன். மேல் மெத்தை பேருக்குத்தான் இருந்தது. அதைக் குஷன் கடையில் கொடுத்து, ஓட்டுபவருக்கு 65 மில்லிமீட்டரும் பின்னால் அமர்பவருக்கு 50 மில்லிமீட்டரும் அடர்த்தியான ஃபோம் வைத்து, குறுக்கே தையல் போட்ட கறுப்பு ரெக்ஸினால் மூடச் சொன்னேன். தைப்பதற்கு முன், ஃபோமை மட்டும் வைத்து வண்டியின்மேல் இருவரையும் கால் மணி நேரம் உட்காரச் சொன்ன அந்தக் கடைக்காரரின் பொறுமையைப் பாராட்ட வேண்டும். "இப்பவே சொல்லிடுங்க சார், தெச்ச பிறகு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். என் மனைவி சொன்னதன் பேரில் பின்பகுதியை 30 மில்லிமீட்டர் நீட்டினோம்.

பழைய ஷாக்கப்கள் என் அளவுப்படி 340 மில்லிமீட்டர். டிராக்கருக்குப் பின்பகுதி சற்றே உயர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக 360 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ஜோடியை 7,200 ரூபாய்க்கு வாங்கினேன். சக்கரங்களின் இடைவெளி 1,370 மில்லிமீட்டர் என்ற கணக்கில், பின்னால் 20 மில்லிமீட்டர் உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்கிறது. வண்டி திரும்புவதில் அந்த ஒரு டிகிரி தெளிவாகத் தெரிகிறது. பழைய புல்லட்டை வளைவில் தள்ளிவிட வேண்டியிருந்தது, இப்போது பார்வை போன பக்கம் போகிறது. இந்த மாற்றத்தால் வந்த இரண்டு தொல்லைகளை எதிர்பார்க்கவில்லை. நடு ஸ்டாண்ட் போட்டால் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே நின்றது. பக்க ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தது. நடு ஸ்டாண்டின் பாதங்களுக்கு அடியில் வைக்க 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள தேக்குத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, நண்பர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்பத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வேகத்தடையில் இறங்கியதும் பின்னால் 'சர்' என்ற ஓசை, அதைத் தொடர்ந்து ரப்பர் எரியும் வாடை. நிறுத்திப் பார்த்தால் பின்விளக்கும் பிரேக் விளக்கும் இல்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது ஃபைபர் சூடாக இருந்தது. டயர் மேலேறி ஃபைபரில் உரசி, அதன் ஓரமாகப் போன ஒயரை அறுத்துவிட்டிருந்தது. மீதித் தூரம் முழுவதும் நண்பர் தம் கைபேசியின் விளக்கைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். லாரிகள் ஓடும் சாலையில் பின்விளக்கு இல்லாமல் அவரை அழைத்துவந்தது இப்போது நினைத்தாலும் நெஞ்சை உறுத்துகிறது. தனியாக ஓட்டிப் பார்த்ததை மட்டும் வைத்து இருவர் ஏறும் வண்டி தயார் என்று நான் முடிவு செய்திருக்கக் கூடாது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சீட்டின் அடியில் இருந்த கறுப்பு வளைவைப் பார்த்துவிட்டு, "ஷாக்கப் முழுசா அமுங்குனா சக்கரம் எங்க வரும்னு பாத்தியா தம்பி?" என்று கேட்டார். பார்க்கவில்லை. நின்ற நிலையில் டயருக்கும் சீட்டுக்கும் 70 மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததைப் போதும் என்று எண்ணியிருந்தேன். புதிய ஷாக்கப் முழுவதும் நீண்டால் 360, முழுவதும் அமுங்கினால் 285. நடுவே 75 மில்லிமீட்டர் ஓட்டம். கழித்துப் பார்க்கத் தெரியாமல் இல்லை, பார்க்கத் தோன்றவில்லை.

அவர் சொன்ன வழி எளிமையானது. 25 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரண்டு பட்டை இரும்புத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஷாக்கப் போல்ட்டின் அளவுக்குத் துளைகள் இட வேண்டும். மேல் துளையிலிருந்து 285, 320, 360 மில்லிமீட்டர் தூரங்களில் கீழ்த் துளைகள். ஷாக்கப்களைக் கழற்றிவிட்டு இந்தப் பட்டைகளை அவற்றின் இடத்தில் பூட்டினால், முழுவதும் அமுங்கிய நிலை, நடு நிலை, முழுவதும் நீண்ட நிலை என எதில் வேண்டுமானாலும் சக்கரத்தை நிறுத்தி வைத்து நிதானமாக அளக்கலாம். லேத்துக்காரர் இரண்டு பட்டைக்கும் சேர்த்து 180 ரூபாய் வாங்கினார். இந்த வேலை முழுவதிலும் நான் செலவழித்த பணத்தில் அதிகப் பயன் தந்தது அந்த 180 ரூபாய்தான்.

285 துளையில் பூட்டிப் பார்த்தபோது டயர் ஃபைபரைத் தொட்டது மட்டுமல்லாமல் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே அழுத்திக்கொண்டு நின்றது. சீட்டின் பின்தாங்கிகளுக்கு அடியில் 18 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டுகளை வைத்து உயர்த்தினேன். உட்புற மட்கார்டின் முன்விளிம்பை அரம் கொண்டு 12 மில்லிமீட்டர் குறைத்தேன். ஒயரை ஃபிரேமின் உட்பக்கமாகக் கொண்டுபோய் ரப்பர் கிளிப் வைத்துப் பிடித்தேன். முழு அமுக்கத்தில் 13 மில்லிமீட்டர் இடைவெளி வந்தது. அதே பட்டைகள் சங்கிலிக்கும் உதவின. நீண்ட ஷாக்கப் போட்ட பிறகு, நின்ற நிலையில் பழைய அளவுக்குத் தளர்வு வைத்தால், சக்கரம் மேலேறும்போது ஓரிடத்தில் சங்கிலி கம்பியைப் போல் இறுகிவிடுகிறது. 320 துளையில் பூட்டி, மிக இறுகும் அந்த நிலையில் 15 மில்லிமீட்டர் தளர்வு வைத்தேன். ஷாக்கப்பை மீண்டும் மாட்டியபோது அது 35 மில்லிமீட்டராகத் தெரிந்தது. இப்போது 35 என்றுதான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

டயர்களை நவம்பரில் மாற்றினேன். முன்னால் பழைய 3.25-19 அளவையே வைத்துக்கொண்டேன், ஏனெனில் ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து ஓடுகிறது. பின்னால் 3.50-19 அளவில், கட்டை கட்டையாக வெட்டு விழுந்த பட்டன் டயர். இரண்டும் டியூபும் சேர்த்து 7,900 ரூபாய். பின்டயரின் உயரம் கூடியதால் மறுபடியும் 285 துளையில் பட்டையைப் பூட்டி அளந்தேன். 13 மில்லிமீட்டர் மூன்றாகக் குறைந்திருந்தது. ஓடும்போது டயர் விரியும், சேறு ஒட்டும், மூன்று போதாது. அலுமினியத் துண்டுகளை 26 மில்லிமீட்டராக மாற்றிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன். தோற்றத்தில் பட்டன் டயர்தான் இந்த வண்டியை டிராக்கராக்கியது என்பதில் ஐயமில்லை. மண்பாதையில் பிடிப்பும் அருமை. மழையில் நனைந்த கான்கிரீட் சாலையில் அதன் நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் மாற்றியதால் இதை முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். மேம்பால இணைப்புத் தகடுகளின்மேல் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் நழுவியது. 1,900 கிலோமீட்டர் ஓடியதில், ஒன்பது மில்லிமீட்டர் கட்டை ஏழாகத் தேய்ந்திருக்கிறது. அடுத்த முறை பாதி சாலை, பாதி மண் வகை டயரைத்தான் வாங்குவேன்.

ஏர் ஃபில்டர், சைலன்சர் இரண்டிலும் நான் செலவழித்த ஆறு வாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரைக் கார்புரேட்டரின் வாயில் நேராக மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. இந்தக் கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு, உறிஞ்சு காற்றின் அழுத்த வேறுபாட்டால்தான் மேலே எழும்புகிறது. பெட்டிக்குள் அமைதியாக நின்ற காற்று போய்த் திறந்தவெளிக் காற்று வந்ததும் அதன் இயக்கம் தடுமாறியது. பாதி ஆக்ஸிலேட்டரில் திணறல், விட்டால் சைலன்சரில் வெடிப்பு, பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு போல் வெளுத்த முனை. பெட்ரோல் பாயும் துளைகளான ஜெட்டுகளை இரண்டு அளவு பெரிதாக மாற்றிப் பார்த்தும், ஓரிடத்தில் சரியானால் இன்னோரிடத்தில் கெட்டது. பெட்டியைத் திரும்ப மாட்டிய அன்று மாலையே வண்டி பழையபடி சீராக ஓடியது. குட்டைச் சைலன்சரின் கதையும் அதேதான்: சத்தம் தெருவுக்கே தொல்லையாக இருந்தது, கீழ் வேகத்தில் இழுவை குறைந்ததாக உணர்ந்தேன், சட்டப்படியும் சரியில்லை. மூலச் சைலன்சரையே வைத்து, கழுத்துக் கிளாம்பைத் தளர்த்திச் சற்றுத் திருப்பி, பின்முனையை 45 மில்லிமீட்டர் உயர்த்தும் ஒரு தாங்கியை மட்டும் செய்துகொண்டேன். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேண்டிய சாய்வு கிடைத்துவிட்டது. புல்லட்டின் நிதானமான துடிப்பும் அப்படியே இருக்கிறது.

இண்டிகேட்டர்களை எல்.இ.டி.க்கு மாற்றியதும் அவை படபடவென்று மின்னின. குறைந்த மின்னோட்டத்துக்குப் பழைய ஃபிளாஷர் ரிலே ஒத்துவராது. எலக்ட்ரானிக் ரிலே போட்டதும் சரியாயிற்று. முன் மட்கார்டு குட்டையானது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கவாட்டு எண் தகடுகளை நான் மிகவும் விரும்பிச் செய்தேன். முதலில் காலண்டர் அட்டையில் ஐந்து விதமாக வெட்டி, ஒட்டும் டேப்பால் வண்டியில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அருகில் அழகாகத் தெரிந்த பெரிய முட்டை வடிவம், எட்டி நின்று பார்த்தபோது ஃபில்டர் பெட்டியையும் சீட்டையும் விழுங்கிக்கொண்டு நின்றது. கடைசியில் 250 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் உயரம், மேல்விளிம்பு சீட்டின் கோட்டுக்கு இணையாக ஓடும் ஒரு வடிவத்தை முடிவு செய்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் லேசரால் வெட்டிவாங்கினேன். விளிம்பை நானே மூன்று தர உப்புத்தாளால் தேய்த்தேன். எண் எதையும் எழுதவில்லை; பதிவெண்ணோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறேன்.

சாரி கார்டைக் கழற்றிவிடச் சொன்னவர்கள் பலர். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் கழற்றியிருக்க மாட்டேன். என் மனைவி சேலையோடுதான் இந்த வண்டியில் வருகிறார். மூலக் காப்பு 2.3 கிலோ, தோற்றத்துக்கும் ஒத்துவரவில்லை. 8 மில்லிமீட்டர் கம்பியை டயரின் வளைவுக்கு இணையாக வளைத்து, நடுவே நான்கு குறுக்குக் கம்பிகளும் சிறு கண்ணி வலையும் வைத்துப் புதியதாக ஒன்று செய்தோம். இதில் வெல்டிங் எல்லாம் காப்பின் பாகங்களுக்குள்ளேதான், ஃபிரேமில் இல்லை. எடை 1.4 கிலோ. ஒரு பழைய நூல் சேலையின் முந்தானையைப் பல இடங்களில் தொங்கவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தோம். ஷாக்கப்பின் கீழ்க்கண்ணுக்கு அருகில் ஓர் இடத்தில் துணி உள்ளே இழுபட்டது. அங்கே வலையை 60 மில்லிமீட்டர் நீட்டிய பிறகு எங்கும் சிக்கவில்லை. கறுப்புப் பவுடர் கோட்டிங்கில் அது இப்போது வண்டியோடு பிறந்ததைப் போலவே நிற்கிறது.

மொத்தச் செலவு 49,010 ரூபாய். தொடக்கத்தில் நான் எழுதி வைத்திருந்தது 35,000. இதில் முதல் ஹேண்டில் பார், குட்டைச் சைலன்சர், திறந்த ஃபில்டரும் ஜெட்டுகளும் என 7,350 ரூபாய் வீணானது. அவை பரணின் இன்னொரு மூலையில் கிடக்கின்றன. மெக்கானிக் அண்ணனின் கூலி 3,500 ரூபாய். அவர் கேட்டது அதைவிடக் குறைவு. கோன் செட்டுக்கும் அந்தப் பட்டை இரும்பு யோசனைக்கும் சேர்த்து நான் வற்புறுத்திக் கொடுத்தேன். எடைமேடையில் இப்போது 178 கிலோ காட்டுகிறது. பத்து கிலோ குறைந்ததில் பெரும்பகுதி பின்மட்கார்டு, கைப்பிடிக் கம்பி, பழைய சீட் ஆகியவற்றுடையது.

மறுபடி செய்தால் வரிசையை மாற்றுவேன். முதல் நாளே ஷாக்கப்பையும் டயரையும் தீர்மானித்து, பட்டை இரும்பைப் பூட்டிச் சக்கரம் போய்வரும் எல்லையைக் குறிப்பேன். அதற்கு மேலே சீட். சீட்டில் அமர்ந்த பிறகே ஹேண்டில் பார். கேபிள், ஹோஸ், ஒயர் எல்லாம் அதற்கும் பிறகு. சீட்டை ஆயத்தமாக வாங்காமல், அட்டையில் மாதிரி செய்து உள்ளூர் ஃபைபர் பட்டறையிலேயே வார்க்கச் சொல்வேன். விலை ஏறக்குறைய அதேதான் ஆகும். துளைகளாவது என் வண்டிக்கு உரியவையாக இருக்கும்.

பக்க ஸ்டாண்ட் மட்டும் இன்னும் பாக்கி. சமதரையில் வண்டி செங்குத்திலிருந்து 17 டிகிரி சாய்ந்து நிற்கிறது. பழைய ஷாக்கப்களுடன் அது 13ஆக இருந்தது. மணல் தரையில் நிறுத்தப் பயமாக இருக்கிறது. ஸ்டாண்டின் காலை நீட்டாமல், அதன் பாதத்தில் 22 மில்லிமீட்டர் உயரமுள்ள அகலமான ஒரு தட்டையை இரண்டு போல்ட்டுகளால் பூட்டலாம் என்று அளவெடுத்து லேத்தில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.